தூரத்து வளைவில் நின்றுபோன ரயில்: ஒரு ‘என்’ (N) ஸ்கேல் மாடல் ரயில் அமைப்பைத் தண்டவாளத்திலிருந்து சீர்செய்த நிகழ்வு ஆய்வு

நண்பர் வீட்டில் ஓடும் அந்த மாடல் ரயில், வேகமாக விட்டால் அழகாகச் சுற்றி வரும். வேகத்தைக் குறைத்து ஸ்டேஷனுக்குள் மெல்ல நுழைய விட்டால் நின்றுவிடும். விரலால் லேசாகத் தள்ளினால் மறுபடி கிளம்பும். மாடல் ரயில் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இந்த விரல் பழக்கம் தெரியும். ஆனால் ரயிலின் அழகே மெதுவாக வந்து நிற்பதிலும் மெதுவாகக் கிளம்புவதிலும்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் சுற்றிச் சுற்றி ஓடும் ஒரு பொம்மைதான் மிச்சம். நண்பருக்கும் அவருடைய பத்து வயது மகளுக்கும் அதுதான் வருத்தம்.

என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே அவர் மூன்று வேலைகளைச் செய்து முடித்திருந்தார். எஞ்சின் பழசாகிவிட்டது என்று நினைத்து இரண்டாவதாக ஒரு புது எஞ்சின் வாங்கினார். அதுவும் நின்றது. தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுத்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கண்ட்ரோலருக்குச் சக்தி போதவில்லை என்று இன்னும் பெரிய கண்ட்ரோலர் வாங்கினார். அப்போதும் நின்றது. கடைசியாக உப்புத்தாளை எடுத்துத் தண்டவாளம் முழுக்கத் தேய்த்தார். இரண்டு நாள் நன்றாக ஓடி, மூன்றாம் நாளிலிருந்து முன்பைவிட மோசமாகிவிட்டது. இப்போது டிசிசி எனப்படும் டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்கு மாறிவிடலாமா என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்கள், முதலில் ஏன் நிற்கிறது என்று பார்த்துவிடலாம் என்றேன். அடுத்த சில வார இறுதிகளில் நாங்கள் மூவரும் சேர்ந்து செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமைப்பு என்ன

‘என்’ (N) ஸ்கேல். இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 9 மி.மீ. நிஜ ரயிலில் 160-ல் ஒரு பங்கு. ஜப்பானிய மாடல்கள் பெரும்பாலும் 1:150, பிரிட்டிஷ் மாடல்கள் 1:148, இருந்தாலும் எல்லாம் அதே 9 மி.மீ. தடத்தில்தான் ஓடும். 90 செ.மீ. நீளமுள்ள இரண்டு பிளைவுட் பலகைகளை ஒட்டவைத்து 180 செ.மீ. நீளம், 75 செ.மீ. அகலத்துக்கு ஒரு தளம். அதன்மேல் 315 மி.மீ. ஆரமுள்ள வளைவுகளோடு ஒரு நீள்வட்டம், மொத்தம் ஏறக்குறைய 4 மீட்டர். ஒரு பக்கம் இரண்டு பாயின்ட்கள் (ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் இடங்கள்) வைத்துப் பிரிந்து சேரும் பக்கத்தடம். இரண்டு டீசல் எஞ்சின், ஆறு பயணிகள் பெட்டி. கண்ட்ரோலரிலிருந்து இரண்டே இரண்டு வயர், ஸ்டேஷன் பக்கம் ஒரே ஓர் இடத்தில் தண்டவாளத்தோடு சேர்கிறது. இந்தக் கடைசி விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன ஸ்கேலில் ஏன் இந்தத் தொல்லை அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரத்துக்கு ஏறும் இடம் ஊசிமுனை அளவுதான். அந்த முனையை அழுத்திப் பிடிப்பது எஞ்சினின் எடை மட்டுமே. பல என் ஸ்கேல் எஞ்சின்கள் 100 கிராமைத் தொடுவதில்லை. அதை எட்டு சக்கரங்களுக்குப் பிரித்தால் ஒரு சக்கரத்துக்கு விழுவது பன்னிரண்டு கிராம் போல. பெரிய ஸ்கேலில் எடையே அழுக்கை மிதித்துக்கொண்டு போய்விடும். இங்கே ஒரு தூசி மின்சாரத்தை நிறுத்திவிடும். வேகமாகப் போகும்போது எஞ்சினின் ஓட்டமே அந்த இடத்தைத் தாண்டவைத்துவிடுவதால் குறை தெரியாது. மெதுவாகப் போகும்போதுதான் எல்லாம் வெளியே வரும்.

பெருக்கல் குறிகள்

நான் போனதும் மல்டிமீட்டரை எடுத்தேன். நண்பரின் மகள் அதற்குள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். பென்சிலால் ஒரு நீள்வட்டம் வரைந்து, ரயில் நிற்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தாள். ஒரு மாதக் கணக்கு அது. குறிகள் நீள்வட்டம் முழுக்கப் பரவியிருக்கவில்லை. மூன்று இடங்களில் குவிந்திருந்தன: ஸ்டேஷனுக்கு நேர் எதிரேயுள்ள தூரத்து வளைவு, பக்கத்தடம் பிரியும் பாயின்ட், பிறகு நேர்தடத்தின் நடுப்பகுதி. எஞ்சினுக்குத் தகுந்தபடி நீலம், சிவப்பு என்று மை மாற்றியிருந்தாள்.

“நீலம் பழைய எஞ்சின், சிவப்பு புதுசு மாமா. புதுசு இந்த நடு இடத்துல நிக்காது. ஆனா லைட் மட்டும் ஒரு தடவை சிமிட்டும்.”

இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. ஒரே இடத்தில் இரண்டு எஞ்சினும் நின்றால் குறை தடத்தில் இருக்கிறது. ஓர் எஞ்சின் மட்டும் நின்றால் குறை அந்த எஞ்சினில் இருக்கிறது, அல்லது தடத்தின் சின்னக் குறையும் எஞ்சினின் சின்னக் குறையும் அங்கே சேர்ந்துகொள்கின்றன. எங்கே வேண்டுமானாலும் நின்றால் சக்கர அழுக்கைச் சந்தேகிக்கலாம். எஞ்சினைத் தூக்கித் திசைமாற்றி வைத்து ஓட்டிப் பார்ப்பது அடுத்த படி. நிற்கும் இடம் மாறினால் எந்தப் பக்கச் சக்கரம் மின்சாரம் வாங்கவில்லை என்பதுகூடத் தெரிந்துவிடும். எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் இப்படிக் குறித்து வையுங்கள் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்.

பல்பு சொன்னது

முதல் குறி, தூரத்து வளைவு. கண்ட்ரோலரை 6 வோல்ட்டில் வைத்து, தடத்தில் எஞ்சின் இல்லாமல் மீட்டரை வைத்துப் பார்த்தோம். வயர் சேரும் இடத்திலும் 6, எதிர்ப்பக்க வளைவிலும் 6. நண்பர் இதை ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறார். அதனால்தான் தடத்தில் குறையில்லை என்று முடிவுகட்டி எஞ்சினைச் சந்தேகித்தார்.

இந்த அளவீடு நம்மை ஏமாற்றிவிடும். மீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் ஒன்றுமேயில்லை என்று சொல்லலாம். மின்னோட்டம் ஓடாத இடத்தில் வோல்ட் இறங்காது. ஆகவே ஒரு சுமை வேண்டும். வண்டிகளில் போடும் 12 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்றுக்கு இரண்டு வயர் இணைத்து அதைத் தண்டவாளத்தில் தொட்டுக்கொண்டே மீட்டரை வைத்தோம். அந்தப் பல்பு 6 வோல்ட்டில் ஓர் எஞ்சின் எடுக்கும் அளவுக்கு, ஏறக்குறைய 0.3 ஆம்பியர், எடுத்துக்கொள்ளும். ஸ்டேஷன் பக்கம் 5.9 வோல்ட். தூரத்து வளைவில் 4.7. மீட்டரே தேவைப்படவில்லை; மகள் பல்பைக் கையில் பிடித்துத் தடத்தைச் சுற்றி நகர்த்திக்கொண்டே போனாள், வெளிச்சம் கண்ணெதிரே மங்கிக்கொண்டே போனது.

அந்த 1.2 வோல்ட் எங்கே போகிறது? அதையும் தேடினோம். பல்பைத் தூரத்து வளைவிலேயே எரியவிட்டு, மீட்டரின் இரு முனைகளையும் ஒவ்வொரு தண்டவாள இணைப்பின் இருபுறமும் வைத்தோம். 16 துண்டுகள், இரண்டு தண்டவாளத்துக்கும் சேர்த்து 32 இணைப்புகள். பெரும்பாலானவற்றில் 0.02 வோல்ட்டைத் தாண்டவில்லை. ஆனால் இடம், வலம் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு இணைப்புகளில் மட்டும் 0.2, 0.3 என்று காட்டியது. கழற்றிப் பார்த்தால் அந்த இணைப்புத் தகடுகள் தளர்ந்து, உள்ளே கருத்துப் போயிருந்தன. இந்தத் தடத்தை முன்பு தரையில் வைத்து வாரந்தோறும் பூட்டியும் கழற்றியும் விளையாடியிருக்கிறார்கள். இணைப்புத் தகடு என்பது அத்தனை முறை கழற்றுவதற்குச் செய்யப்பட்டதில்லை. நிரந்தரமாக வைக்கப்போகும் தடத்துக்குப் புதுத் தகடு போடுவதுதான் சரி. அதுவரைக்கும் நுனி மெல்லிய பிளையரால் தகட்டின் ஓரத்தை லேசாக நெருக்கிவிட்டால் ஓரளவு தாங்கும்.

வயர் வேலை

புதுத் தகடு போட்டதோடு நிறுத்தவில்லை. தகடு தண்டவாளங்களை நேர்க்கோட்டில் பிடித்துவைக்கத்தான். மின்சாரத்துக்குத் தனியாக வழி போட வேண்டும். பலகைக்கு அடியில் 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் இரண்டு, ஒன்று சிவப்பு ஒன்று கறுப்பு, நீள்வட்டத்தை ஒட்டி ஓடவிட்டோம். அந்த வயரின் மின்தடை மீட்டருக்கு ஏறக்குறைய 0.012 ஓம்தான், 0.3 ஆம்பியருக்கு அதில் இறங்கும் வோல்ட்டைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். அதிலிருந்து நான்கு இடங்களில் மெல்லிய வயர், 0.3 சதுர மி.மீ. போல, பலகையில் துளையிட்டு மேலே ஏற்றித் தண்டவாளத்தில் பற்றவைத்தோம். இவற்றைத்தான் ஃபீடர் என்கிறோம். மீட்டருக்கு ஒரு ஜோடி ஃபீடர் என்பது நல்ல கணக்கு. பெரிய அமைப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஜோடி கொடுப்பவர்களும் உண்டு, அதில் தவறே இல்லை.

பற்றவைக்கும்போதுதான் பலர் தண்டவாளத்தைப் பாழாக்குகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அடியில் இருக்கும் கட்டைகள் பிளாஸ்டிக். சால்டரிங் அயர்னை ஐந்தாறு விநாடி வைத்தால் கட்டை உருகி, தண்டவாளம் சாய்ந்து, 9 மி.மீ. என்ற அளவே போய்விடும். முதலில் தண்டவாளத்தின் வெளிப்பக்க அடிப்பகுதியைச் சுத்தமாகச் சுரண்டி, ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் தொட்டு, அங்கே கொஞ்சம் ஈயம் பிடிக்கவைக்க வேண்டும். வயர் நுனியிலும் தனியாக ஈயம் பிடிக்கவைக்க வேண்டும். பிறகு இரண்டையும் ஒட்டவைத்துச் சூடான அயர்னைத் தொட்டால் இரண்டு விநாடியில் வேலை முடிந்துவிடும். இருபுறமும் ஈரத்துணித் துண்டு வைத்தால் சூடு கட்டைகளுக்குப் போகாது. வயர் எப்போதும் தண்டவாளத்தின் வெளிப்பக்கம்தான் இருக்க வேண்டும். உள்பக்கம் சக்கரத்தின் விளிம்பு ஓடும் இடம். அங்கே ஒரு துளி ஈயம் திரண்டு நின்றாலும் ஒவ்வொரு சக்கரமும் அதில் ஏறி இறங்கும்.

ஒவ்வொரு ஃபீடர் வைத்ததும் மீட்டரில் ஷார்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனோம். நான்கையும் வைத்துவிட்டுப் பார்த்தால், நிறம் மாறிப்போன ஒன்று எது என்று தேட அரை நாள் போய்விடும். மகள் உள் தண்டவாளத்துக்குக் கறுப்புப் புள்ளியும் வெளித் தண்டவாளத்துக்குச் சிவப்புப் புள்ளியும் ஒட்டிக்கொண்டே வந்ததால் ஒன்றுகூட மாறவில்லை.

இணைப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பற்றவைத்துவிடலாமே என்று நண்பர் கேட்டார். கூடாது. நிக்கல் சில்வர் தண்டவாளம் 20 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு மீட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு மி.மீ. நீளும். அதைவிடப் பலகைதான் ஈரக்காற்றில் அதிகம் அசையும். அசைய இடமில்லாவிட்டால் தடம் வளைந்து எழும். ஃபீடர் இருப்பதால் இணைப்பைத் தளர்வாக விட்டாலும் மின்சாரம் குறையாது; அட்டை கனத்துக்கு இங்கொன்று அங்கொன்றாக இடைவெளி விட்டோம்.

மறுபடி பல்பு சோதனை: தூரத்து வளைவிலும் 5.8 வோல்ட். மூன்றில் ஒரு குறி தீர்ந்தது.

பாயின்டில் ஒரு திடுக்கிடல்

ஃபீடர் வேலை முடிந்த மகிழ்ச்சியில் பக்கத்தடத்துக்குப் பாயின்டைத் திருப்பினோம். கண்ட்ரோலரின் சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றது. திருப்பி வைத்தால் சரியாகிறது. மறுபடி திருப்பினால் நிற்கிறது.

காரணம் என் கவனக்குறைவு, அதைத் திறந்து சொல்வதுதான் படிப்பவர்களுக்கு உதவும். பாயின்டில் இரண்டு தடங்களும் வெட்டிக்கொள்ளும் முக்கோண முனைக்கு ஃப்ராக் என்று பெயர். சில வகைப் பாயின்டில் அது பிளாஸ்டிக். மின்சாரமே இருக்காது, சின்ன எஞ்சின்கள் அங்கே திணறும். சில வகையில் அது உலோகம்; பாயின்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கத் தண்டவாளத்தின் மின்சாரத்தை அது எடுத்துக்கொள்ளும். இது இரண்டாவது வகை. ஃப்ராக்குக்கு அப்பால் உள்ள உள்பக்கத் தண்டவாளங்கள் இரண்டும் ஃப்ராக்கோடு சேர்ந்தே இருக்கும். அதற்கு அப்பால் நான் ஒரு ஃபீடர் கொடுத்துவிட்டேன். பாயின்ட் ஒரு பக்கம் இருக்கும்போது இரண்டும் ஒத்துப்போகும். மறுபக்கம் திருப்பினால் ஃப்ராக் எதிர் மின்முனைக்கு மாற, ஃபீடர் தன் மின்முனையிலேயே நிற்க, ஷார்ட்.

தீர்வு எளியது. ஃப்ராக்கிலிருந்து வெளியே போகும் அந்த இரண்டு உள்தண்டவாளங்களிலும் உலோகத் தகட்டை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் தகடு போட வேண்டும். அப்படி இரண்டு பாயின்டிலும் போட்ட பிறகு ஃபீடரை எங்கே வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஒற்றை வயரிலிருந்து பல ஃபீடருக்கு மாறுகிறவர்கள் எல்லோரும் முதலில் பாயின்ட் எந்த வகை என்று பார்த்துவிட வேண்டும்.

பாயின்டில் ரயில் நின்றதற்கான உண்மையான காரணம் வேறு. அசையும் நாக்குத் தண்டவாளம் பக்கத்துத் தண்டவாளத்தைத் தொடும் இடத்தின் வழியாகத்தான் மின்சாரம் உள்ளே போகிறது. அந்தத் தொடுமுகத்தில் அழுக்கு. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த தாள் துண்டை இடையில் செருகி, நாக்கை மூடி, மெல்ல இழுத்தோம். கறுப்புக் கோடு ஒன்று தாளில் வந்தது. நான்கைந்து முறை இழுத்ததும் தாள் வெள்ளையாக வந்தது. இரண்டாவது குறியும் போனது.

உப்புத்தாள் பற்றி

தண்டவாளத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். தேய்த்த அன்று பளபளக்கும். ஆனால் அது போட்டது ஆயிரக்கணக்கான கீறல்கள். ஒவ்வொரு கீறலும் எண்ணெயும் தூசியும் தங்கும் பள்ளம். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே நுண்ணிய தீப்பொறி எழும் இடமும் அதுவே, அந்தப் பொறிதான் கருமையை உண்டாக்குகிறது. நண்பரின் தடம் இரண்டே நாளில் மோசமானது இதனால்தான்.

ஏற்கெனவே கீறியதை என்ன செய்வது? வழவழப்பான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷர் ஒன்றை மரக்கட்டையில் பதித்து, தண்டவாளத் தலையில் அழுத்தி நெடுக இழுத்தோம். கீறலின் மேடுகள் அமுங்கிச் சமமாகும். ஒரு மீட்டருக்கு இருபது முப்பது இழுப்பு. கை வலிக்கும் வேலை, ஒரு முறை செய்தால் போதும். அப்புறம் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒரு தடவை. வாரம் ஒருமுறை ஓட்டுகிறவர்களுக்கு இதுவே போதுமான பராமரிப்பு. மெல்லிய பென்சில் கரியைத் தண்டவாளத்தின் உள்விளிம்பில் ஒரு கோடு தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள், பலன் தெரிகிறது. ஆனால் கொஞ்சம் கூடினாலும் சக்கரம் வழுக்கும், ஏற்றம் உள்ள தடத்தில் வேண்டாம்.

நடுப்பகுதியும் பழைய எஞ்சினும்

மூன்றாவது குறி இரண்டு பிளைவுட் பலகைகள் சேரும் இடத்துக்கு நேர்மேலே இருந்தது. கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுபோய் நெடுகப் பார்த்தால் அங்கே லேசாகப் பள்ளம். ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்தபோது அடியில் வெளிச்சம் தெரிந்தது. ஒரு மி.மீ.கூட இல்லை. ஆனால் 160-ஆல் பெருக்கிப் பாருங்கள், நிஜ ரயிலுக்கு அது 16 செ.மீ. பள்ளம். அங்கே ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும். அடியில் மெல்லிய அட்டைகளை அடுக்கி மேட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அதே பள்ளத்தில் புது எஞ்சின் விளக்கை மட்டும் சிமிட்டிவிட்டுப் போனதே, பழையது ஏன் நின்றது? சமையலறைத் தாளை ஆல்கஹாலில் நனைத்துத் தண்டவாளத்தின் குறுக்கே விரித்தோம். எஞ்சினின் முன்போகியை, அதாவது முன்பக்கச் சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டத்தை, தாளின்மேலும் பின்போகியை வெறும் தண்டவாளத்திலும் வைத்து, கையால் பிடித்துக்கொண்டே மின்சாரம் கொடுத்தோம். சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன, தாளில் இரண்டு கறுப்புக் கோடுகள் பட்டையாக இறங்கின. திருப்பி வைத்துப் பின்போகிக்கும் அதே. மூன்று தாள் மாற்றிய பிறகுதான் கோடு மங்கியது. போகியைக் கழற்றியபோது ஓர் அச்சில் நீளமான முடி ஒன்று பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது. பிளேடு நுனியால் வெட்டி, இடுக்கியால் இழை இழையாக எடுத்தோம். தரையில் ஓட்டிய காலத்து மிச்சம் அது. ரயிலைத் தரைவிரிப்பில் ஓட்டுவதைத் தவிருங்கள். இழைகள் எல்லாம் அச்சுக்குத்தான் போய்ச் சேரும்.

எண்ணெய் விஷயத்தில் ஒரே வார்த்தை: குறைவு. பிளாஸ்டிக்கை அரிக்காத மெல்லிய எண்ணெயை ஊசி நுனியால் தொட்டு, அந்தத் தொட்ட அளவை மட்டும் மோட்டாரின் இரு முனைத் தாங்கிகளிலும் வைக்க வேண்டும். பல்சக்கரங்களுக்குப் பிளாஸ்டிக்குக்கு ஏற்ற கிரீஸ், மிளகளவுகூட வேண்டாம். அதிகப்படியான துளி சக்கரத்துக்கு வழியும், சக்கரத்திலிருந்து தண்டவாளத்துக்கு, அங்கிருந்து எல்லாப் பெட்டிகளுக்கும்.

கடைசிப் பெட்டி

பக்கத்தடத்தில் நுழையும்போது கடைசிப் பெட்டி அடிக்கடி தடம் புரண்டது. இதற்குச் சக்கரங்களுக்கு இடையேயான அகலத்தையும் பெட்டியின் எடையையும்தான் முதலில் பார்க்க வேண்டும். அளவுத் தகட்டை வைத்ததில் ஓர் அச்சில் ஒரு சக்கரம் உள்ளே நகர்ந்திருந்தது. திருகிக்கொண்டே வெளியே இழுத்துச் சரிசெய்தோம். எடைக்கு அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது: என் ஸ்கேல் பெட்டிக்கு அரை அவுன்ஸ், அதோடு நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 0.15 அவுன்ஸ். கிராமில் சொன்னால் அடிப்படையாக 14, ஒவ்வொரு செ.மீ.க்கும் ஏறக்குறைய 1.7. நண்பரின் பெட்டி 13 செ.மீ., ஆக 36 கிராம் வேண்டும். தராசில் 24 காட்டியது. பன்னிரண்டு கிராமை இரண்டாகப் பிரித்து, இரு போகிகளுக்கும் நேர்மேலே தரையோடு தரையாக ஒட்டினோம். நடுவிலோ கூரையிலோ ஒட்டினால் பெட்டி ஆடும். ஆறு பெட்டிக்கும் எடை கூட்டினால் எஞ்சின் இழுக்குமா என்ற கவலை சமதளத்தில் தேவையில்லை. நூற்றுக்கு இரண்டு ஏற்றம் வைத்தவர்கள் பெட்டி எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

வேகத்தை அளந்தது

இந்தக் கட்டத்தில் எவ்வளவு மாறியிருக்கிறது என்று எண்ணில் தெரிய வேண்டும் என்று மகள் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்தாள். தடத்தில் ஒரு மீட்டர் தூரத்துக்கு இரண்டு கோடு. என் ஸ்கேலில் ஒரு மீட்டர் என்பது நிஜத்தில் 160 மீட்டர். அதை 9.6 விநாடியில் கடந்தால் மணிக்கு 60 கிலோமீட்டர். வேலை தொடங்குவதற்கு முன் நிற்காமல் ஓடிய மிகக் குறைந்த வேகத்தில் 5 விநாடி ஆகியிருந்தது. அது மணிக்கு 115 கிலோமீட்டர், எந்த ஸ்டேஷனுக்குள்ளும் அப்படி ரயில் நுழையாது. இப்போது அதே புது எஞ்சின், அதே பழைய கண்ட்ரோலர், 40 விநாடி. மணிக்கு 14 கிலோமீட்டர் போல. பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பாயின்டைத் தாண்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நண்பர் அன்று ஒரு மணி நேரம் வேகத்தைக் கூட்டவே இல்லை.

அதன் பிறகு டிசிசி

இரண்டு எஞ்சினையும் ஒரே தடத்தில் தனித்தனியாக ஓட்ட வேண்டும் என்ற ஆசை நியாயமானது, அதற்கு டிசிசி வேண்டும். தடத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் தனக்கு வரும் கட்டளையை மட்டும் எடுத்து மோட்டாரை ஓட்டும். ஆனால் அழுக்குத் தடத்தை டிசிசி மன்னிக்காது. மின்சாரம் ஒரு கணம் போனால் டிகோடர் விழித்தெழுந்து மறுபடி தொடங்க வேண்டும். முதல் நாளே இதை மாட்டியிருந்தால் அதே மூன்று இடத்தில் அதே ரயில் நின்றிருக்கும்.

மாட்டியதும் முதல் வேலையாக ஷார்ட் சோதனை செய்தோம். தடத்தின் பல இடங்களில் ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்தால், ஒவ்வோர் இடத்திலும் கட்டுப்பாட்டுப் பெட்டி உடனே மின்சாரத்தை வெட்ட வேண்டும். எங்காவது வெட்டாமல் தாமதித்தால் அங்கே வயர் போதவில்லை என்று பொருள். தடம் புரளும் நாளில் அந்த இடத்தில் சக்கரமும் பிளாஸ்டிக்கும் உருகும். எங்கள் நான்கு ஃபீடர் இதில் தேறின. தடத்து வோல்ட்டை 12-க்கு அருகில் வைத்தோம். பெரிய ஸ்கேலுக்கான அளவு இந்த மோட்டார்களுக்கு அதிகம்.

புது எஞ்சினில் ஆறு முனை சாக்கெட் இருந்தது. டிகோடரைச் செருகியதோடு வேலை முடிந்தது. முதலில் நேராக ஓட்டாமல், டிகோடரை அமைப்பதற்கென்றே உள்ள புரோகிராமிங் தடத்தில் வைத்து, எஞ்சினை அடையாளம் காட்டும் முகவரி எண்ணைப் படிக்கவைத்தோம்; அங்கே மின்னோட்டம் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும், தவறு இருந்தாலும் டிகோடர் பிழைக்கும். பிறகு டிகோடருக்குள் இருக்கும் அமைப்பு எண்களில் (சிவி என்பார்கள்) மாற்றியவை சில மட்டுமே. சிவி 2 கிளம்பும் வோல்ட், சிவி 3 வேகம் கூடும் விதம், சிவி 4 குறையும் விதம். இந்த மூன்றையும் ஒவ்வோர் எண்ணாக ஏற்றிப் பார்ப்பதில் ஒரு மாலை போகும், அது இனிமையான மாலை. சிவி 29-ல் பெரும்பாலும் 6 இருக்கும். அதை 2 ஆக்கினால் பழைய டிசி மின்சாரத்துக்கு (சாதாரணக் கண்ட்ரோலர் கொடுக்கும் நேர்மின்னோட்டத்துக்கு) டிகோடர் பதில் சொல்வது நின்றுவிடும். இதைச் செய்யாவிட்டால் ஷார்ட் ஆன ஏதோ ஒரு கணத்தில் எஞ்சின் தானாக முழுவேகத்தில் பாயக்கூடும்.

பழைய எஞ்சினுக்கு டிகோடர் போடவில்லை. அதன் உலோக உடல்தான் மின்சாரம் கொண்டுபோகும் வழி. மோட்டாரை அதிலிருந்து முழுவதும் பிரிக்காமல் டிகோடர் இணைத்தால் முதல் நொடியிலேயே கருகும். பிரிப்பதற்கு உடலை அரத்தால் அராவ வேண்டும். நன்றாக ஓடும் ஒரு பழைய எஞ்சினை அதற்காக வெட்டுவதை நான் தடுத்தேன். ஒரு மாற்றுச் சுவிட்ச் வைத்து, டிசி நாட்களில் அது ஓடும். ஒன்றை மட்டும் நண்பரிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறேன்: டிசிசி மின்சாரம் இருக்கும் தடத்தில் டிகோடர் இல்லாத எஞ்சினை விட்டுவைக்கக் கூடாது. நின்றபடியே ரீங்கரிக்கும், மோட்டார் சூடாகும், இரும்பு உள்ளீடு இல்லாத மோட்டார் என்றால் சீக்கிரமே போய்விடும்.

இப்போது

நோட்டில் புதுப் பக்கம் ஒன்று தொடங்கியிருக்கிறது. அதே நீள்வட்டம், கீழே தேதி. ஆறு வாரத்தில் ஒரே இடத்தில் நான்கு பெருக்கல் குறிகள், நான்கும் பக்கத்தடத்தின் மறுமுனைப் பாயின்டில், நான்கும் ஈரக்காற்று அடித்த நாட்களில். அந்தப் பாயின்டின் ஃப்ராக்குக்குத் தனி வயரும், நாக்கோடு சேர்ந்து திரும்பும் சின்னச் சுவிட்சும் வைத்துவிட்டால் தொடுமுகத்தை நம்ப வேண்டியிருக்காது. அதற்கான சுவிட்ச் வந்துவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை பலகையைக் கவிழ்க்கிறோம். பற்றவைக்கும் வேலை இந்த முறை தன்னுடையது என்று மகள் சொல்லியிருக்கிறாள். பழைய தண்டவாளத் துண்டு ஒன்றில் இரண்டு விநாடிக் கணக்கைப் பழகிக்கொண்டிருக்கிறாள்.